போட்டோ எடுத்த நோட்ஸ் யாருக்கு?
(கோபிசெட்டிபாளையத்தில் கல்லூரி ஆசிரியர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்தால் டீ ஆறிவிடும், அதனால் நேராக நோட்ஸுக்கு வருகிறேன்.

பழைய நோட்டை செல்போனில் போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் பாடம் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறோம். அது எழுத்து இல்லைங்க, படம். பார்வையற்ற மாணவர்கள் பலர், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. காசு கிடையாது, தமிழும் வாசிக்கும். ஆனால் வாசிக்க எழுத்து வேண்டுமே!

சரி, டைப் அடித்துத்தான் கொடுக்கிறேன் என்பீர்கள். எந்த எழுத்துருவில்? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ நம் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் வேர்டில் ‘ஹெடிங்’ என்று குறித்துவிடுங்கள், ‘எச்’ விசையை அழுத்தியே அந்த மாணவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிவிடுவார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடமும் கேட்கிறது. இடம் கொடுத்துவிட்டு, வகுப்பில் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ‘இதுல இருந்து இது வந்துச்சா, இதை இங்க போட்டா...’ என்று நடத்தினால், பார்க்க முடியாதவருக்கு எது ‘இது’ என்று தெரியாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு நம் முதுகுதான் தெரியும். சமன்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள், மாணவர்கள் பக்கம் திரும்பி நின்று சொல்லுங்கள், அவ்வளவுதான். பின்பெஞ்சில் இருக்கும் தமிழ்வழி மாணவனுக்கும் அப்போதுதான் காதில் ஏறும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாக இருக்கும் நோட்ஸை பஸ்ஸில் நின்றபடி போனிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், போட்டோவை என்ன செய்வாள்? அவளை ‘ஆர்வம் இல்லாதவள்’ என்று நாம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இப்போதே உங்கள் போனில் ஒரு நோட்ஸைத் திறந்து, அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அது படமாகவோ பாமினி மாதிரி எழுத்துருவிலோ இருக்கலாம். அப்படிக் கிடைக்காதவர்கள் டீக்கு அப்புறம் லேப்டாப்போடு இந்தப் பக்கம் வாங்க, சேர்ந்து மாற்றுவோம்.