பறவைப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் காரை மூடுங்கள்!

[திரையில்: வாகன நிறுத்துமிடம். தார்ப்பாய் போர்த்திய கார்கள்.]

வணக்கம். வானத்தில் மேகமே இல்லை. ஆனாலும் இந்தக் கார்களுக்கெல்லாம் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? மழைக்காக அல்ல, கழுகுக்காக! அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா இது. இந்த இடத்துக்கு ராயல் பாம் என்று பெயர். இங்குள்ள பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் காரின் ரப்பர் மீது தீராத ஆசை. வைப்பரையும் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டையையும் கொத்திப் பிய்த்துவிடும். பூங்காவிலேயே தார்ப்பாயும் கயிறும் வைத்திருக்கிறார்கள். போர்த்திக் கட்டிவிட்டு, பிறகு கேமராப் பையைத் திறங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்கிசோபி ஏரிக்குத் தெற்கே, கோரைக்கு நடுவே, ஆழமில்லாமல் அகலமாகக் கடலை நோக்கி ஊர்ந்துபோகும் நீர்தான் எவர்கிளேட்ஸ். கடந்த நூற்றாண்டில் கால்வாய்களும் கரைகளும் அதை மறித்தன. மிஞ்சியதில் ஒரு பகுதி 1947-ல் தேசியப் பூங்கா ஆனது.

எந்த மாதம் போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வேடந்தாங்கலுக்கும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் போகிறோம். ஆனால் காரணம் நேர் எதிர்! அங்கே வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புவதால் பறவைகள் வருகின்றன. இங்கே அது வறண்ட காலம். நீர் வற்ற வற்ற, பரந்து கிடந்த மீன்களெல்லாம் சிறு பள்ளங்களில் வந்து நெருக்கியடிக்கும். கொக்கும் நாரையும் அந்தப் பள்ளங்களில் திரளும். நம் சங்குவளை நாரையின் நெருங்கிய உறவான மர நாரை, அந்த மீன் நெரிசலை நம்பியே குஞ்சு பொரிக்கிறது. பருவம் தப்பி ஒரு பெருமழை பெய்தால் மீன்கள் மறுபடி சிதறிவிடும். நாரைகள் கூட்டையே கைவிட்டுப் போய்விடுவதுண்டு. மழையை வாழ்த்தியே வளர்ந்த எனக்கு, இங்கே மழை வேண்டாம் என்று நினைக்க மனம் பழகவே பல வாரங்கள் ஆயின.

[திரையில்: மரப்பாலம். நீருக்கு மேலே ஒரு கழுத்து மட்டும்.]

இப்போது இதைப் பாருங்கள். பாம்பா? இல்லை, பாம்புத்தாரா! நம் ஊர்ப் பாம்புத்தாராவின் அமெரிக்க உறவு, அன்ஹிங்கா. இந்த நடைபாதைக்கே அதன் பெயர்தான். போய்வர ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, இந்த ஒரு பறவையால்.

வாத்தின் மேல் தண்ணீர் ஒட்டாது. இதன் இறகோ தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். குறை என்று நினைக்காதீர்கள், அதுதான் வசதி. உடல் மிதக்காமல் அமிழ்வதால், நீருக்கடியில் சத்தமில்லாமல் பதுங்கிப் போக முடிகிறது. கழுத்தெலும்பில் கீல் போன்ற ஓர் அமைப்பு. மடங்கிய கழுத்து ஒரே வீச்சில் பாயும். நீர்க்காகம் மீனைக் கவ்வும். இது ஈட்டியாகக் குத்தும். குத்தியபின் மேலே வந்து, மீனை உதறி, காற்றில் தூக்கிப் போட்டு, தலை முதலாக விழுங்கும். அந்த வீச்சுதான் நமக்கு வேண்டிய படம். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையவேண்டாம். மீன் காற்றில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம். அலகில் மீனைக் கண்டவுடனே தொடர்ச்சியாக அழுத்தத் தொடங்கிவிடுங்கள். நான் ஆறு சனிக்கிழமைகள் தவறவிட்டு, ஏழாவதில் எடுத்தேன்.

பிறகு நனைந்த பறவை கிளையேறிச் சிறகை விரித்துக் காய வைக்கும். முதுகைத்தான் பெரும்பாலும் வெயிலுக்குக் காட்டும். சிறகின் வெள்ளி வரிகள் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்று இருண்ட படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்து இந்தப் பக்கம் அழைத்து வரத் தோன்றுகிறது. வெண்கொக்கு என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் நுணுக்கம் எல்லாம் வெளுத்துப்போகும்.

முதலையின் உறவான அலிகேட்டரை மறந்துவிடவில்லை. வறட்சியில் சேற்றைத் தோண்டிப் பள்ளத்தில் நீர் நிற்க வைப்பது அதுதான்; ஒற்றை ஆளாகக் குடிமராமத்து செய்கிறது! ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், குனிந்து நீர்மட்டத்தில் படம் எடுக்கும் ஆசை இங்கே வேண்டாம். பூங்காவின் தென்முனையில் உள்ள ஃபிளமிங்கோ படகுத்துறை வரை காரில் போனால் முதலையும் கிடைக்கும்: கூர்மூக்கு முதலை, அகலமூக்கு அலிகேட்டர்.

[திரையில்: சிறகு விரித்த பாம்புத்தாரா, முதுகில் வெயில்.]

வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ பாம்புத்தாரா மீனைத் தூக்கிப் போடுவதைப் படம் பிடித்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த மாதம், காலை எத்தனை மணி என்று கீழே எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், கேமராவோடு.