பெரிய மீனுக்கு நீண்ட ஆறு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

உலகத்திலேயே பெரிய நன்னீர் மீன் எது? 2022 ஜூன் மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால், மீகாங் ஆற்றின் ராட்சதக் கெளுத்தி என்று சொல்லியிருப்பேன். 2005-இல் தாய்லாந்தின் வடபகுதியில் பிடிபட்ட ஒன்று 293 கிலோ இருந்தது. அந்த ஜூனில் அதே மீகாங்கில், கம்போடியப் பகுதியில், 300 கிலோ எடையுள்ள நன்னீர்த் திருக்கை ஒன்று மீனவர் தூண்டிலில் சிக்கியது. வாலோடு சேர்த்து ஏறத்தாழ 4 மீட்டர் நீளம். ஆராய்ச்சியாளர்கள் வந்து எடைபோட்டு, அது போகும் இடத்தை அறிய ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி, உயிரோடு ஆற்றில் விட்டார்கள். இந்தச் செய்தியில் எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கடைசிப் பகுதிதான். 2005-இல் பிடிபட்ட கெளுத்தி பிழைக்கவில்லை.

பெலூகா ஸ்டர்ஜன் என்ற இன்னும் பெரிய மீனை விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1827-இல் வோல்கா ஆற்றின் முகத்துவாரத்தில் பிடிபட்ட பெலூகா 1,571 கிலோ. ஆனால் அது காஸ்பியன் கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றுக்கு வரும் மீன். வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே இருப்பவற்றைத்தான் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

சரி, ஒரு மீன் எப்படி இவ்வளவு பெரிதாகிறது? மீன்களில் பெரும்பாலானவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே உடல் பெரிதாக நீண்ட ஆயுள் வேண்டும். நிறைய இரை வேண்டும், போய்வர நீளமான ஆறும் வேண்டும். பெண் பெலூகா முதல்முறை முட்டையிடவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். சிறிய மீன்கள் பல ஓர் ஆண்டுக்குள் இனம் பெருக்கிவிடும். அவற்றில் பாதி போனாலும் அடுத்த வெள்ளத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். பெரிய மீனுக்கு அந்த வசதி இல்லை. முட்டையிடும் முன்பே பிடிபட்டால், அத்தனை ஆண்டு வளர்ச்சியும் ஒரு குஞ்சுகூட இல்லாமல் முடிந்துபோகிறது.

ஆற்றை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு சீனாவின் யாங்சி ஆற்றின் துடுப்புமீனைவிட வேதனையான சாட்சி கிடையாது. வாள்போல நீண்ட மூக்கு கொண்ட மீன் அது. முட்டையிடும் இடம் ஆற்றின் மேல்பகுதியில். 1981-இல் கெஜோபா அணை ஆற்றை அடைத்தது. கீழே இருந்தவை மேலே போக வழியில்லை. 2003-இல் ஒரு பெண் மீன் கிடைத்தது. ஒலிக்கருவி பொருத்தி விட்டார்கள். சமிக்ஞை விரைவிலேயே தொலைந்தது. அதற்குப் பிறகு அந்த மீனை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. 2022-இல் இனமே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தொடர்ந்த ஒரு வம்சம், நம்மில் பலர் வாழ்ந்த காலத்திலேயே முடிந்துவிட்டது! அணை கட்டும்போதே மீன் ஏறிப்போக வழி யோசித்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

இது ஒரு ஆற்றின் கதை மட்டும் இல்லை. 1970 முதல் 2012 வரை உலகின் பெரிய நன்னீர் மீன்களின் தொகை 94 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அப்புறம், அமேசானின் அரபைமாவைச் சொல்லியே ஆக வேண்டும். 3 மீட்டர் வரை வளரும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தே தீர வேண்டும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து ஈட்டி எறிவார்கள். பல ஏரிகளில் அது ஏறக்குறைய தீர்ந்தே போனது. பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில் மீனவர்கள் அதே பழக்கத்தை எண்ணிக்கை எடுக்கப் பயன்படுத்தினார்கள். மூச்சுவிட மேலே வரும்போது கண்ணாலும் காதாலும் எண்ணுகிறார்கள். விஞ்ஞானிகள் வேறு முறையில் சரிபார்த்தபோது கணக்கு நன்றாகவே பொருந்தியது. எண்ணிய வளர்ந்த மீன்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்க அனுமதி இல்லை. 1.5 மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. 1999-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டால் அங்கே அரபைமா பல மடங்கு பெருகியது, மற்றப் பகுதிகளும் பின்பற்றின.

திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்க இரவிலும் படகில் காவல் சுற்றுவது அந்த மீனவக் குடும்பங்கள்தான். மீன் விற்ற காசு மட்டும் அதற்கு ஈடாகாது. அந்தக் காவலுக்கும் தனியாகக் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்றி.