காற்றைக் கேட்டுக் கடலுக்குப் போவோம்

வணக்கம் நேயர்களே. கடற்கரை விடுமுறை பற்றிக் கொஞ்சம் கதைக்க முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் மறு பேச்சில்லாமல் சம்மதித்துவிட்டேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவன் நான். பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் யாராவது தொலைபேசி எடுப்பார்கள். "சேர், பிள்ளைகளோட போக எந்த பீச் நல்லம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எந்த மாசம் போறீங்கள்?"

இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

என் தங்கச்சி குடும்பம் கனடாவிலிருந்து ஒரு டிசம்பரில் வந்தது. திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு விடுதியைப் படத்தைப் பார்த்தே பதிவு செய்திருந்தார்கள். படத்தில் கடல் கண்ணாடி போல, அடியில் கிடக்கும் மணல் தெரியும். வந்து பார்த்தால் வானமும் சாம்பல், கடலும் சாம்பல். ஐந்து நாளும் மழை. கரை முழுக்க நுரையும் குப்பையும், காலைக் கூட நனைக்க முடியாத அலை. ஏழு வயது மருமகன் விறாந்தையில் நின்று, "மாமா, படத்தில இருந்த கடல் எங்க?" என்று கேட்டான். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி மறக்கவில்லை. அது யூலையிலோ ஓகஸ்ட்டிலோ எடுத்த படமாக இருந்திருக்க வேண்டும். அதே வாரம் காலிக்குப் பக்கத்தில் உனவட்டுனவுக்குப் போயிருந்தால் பிள்ளை ஆசைதீரக் குளித்திருப்பான்.

எங்கள் அம்மப்பா கரைவலைத் தொழிலோடு வாழ்ந்தவர். அவருக்குக் கலண்டர் தேவைப்பட்டதில்லை. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். இந்த நாலு பெயரும் தெரிந்தால் கடலின் குணம் பாதி தெரியும் என்பார். விடியற்காலையில் வாசலில் நின்று கன்னத்தில் எந்தப் பக்கம் குளிர்கிறது என்று பார்த்தே அன்றைக்குத் தோணி இறங்குமா என்று சொல்லிவிடுவார்.

சரி, இதைக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது கடலிலிருந்து வந்து கொழும்பு, காலிப் பக்கக் கரையில் நேராக மோதுகிறது. அங்கே அலை கொந்தளிக்கும், மழையும் பெய்யும். பிறகு அந்தக் காற்று மலைநாட்டில் ஏறி, தன்னிடமிருந்த ஈரத்தைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் காய்ந்து வருகிறது. கிழக்கில் இருக்கிற எங்களுக்கு அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அதனால்தான் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கரையோரக் கடல் தட்டையாகப் படுத்துவிடுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வங்காள விரிகுடாவைத் தாண்டி வருகிற வடகீழ்ப் பருவக்காற்று எங்கள் கரையில் மோதும். பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ எல்லாம் அமைதியாகிவிடும். ஆகவே, திரும்பவும் சொல்கிறேன், ஓகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கும் மேற்கும். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் இதே கணக்கில்தான் இடம் மாறுகின்றன. ஆண்டு தொடக்கத்தில் மிரிஸ்ஸ, நடுப்பகுதியில் திருகோணமலை.

கச்சான் என்றதும் உங்களில் பலருக்கு நிலக்கடலை ஞாபகம் வந்திருக்கும். வரட்டும், கடற்கரையில் சூடான கச்சான் சுருள் இல்லாமல் என்ன மாலை! ஆனால் நான் சொல்கிற கச்சான் காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும்போது நாங்கள் நினைத்துப் பார்க்காத எச்சரிக்கை.

அதே தங்கச்சி குடும்பம் இரண்டு வருடம் கழித்து ஓகஸ்ட்டில் வந்தது, இந்த முறை என்னைக் கேட்டுவிட்டுத்தான். நிலாவெளிக்கே போனோம். மருமகன் அந்தப் படத்துக் கடலைக் கண்டுவிட்டான். காலை எட்டு மணி, அலையே இல்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரிகிறது. காற்றடைத்த ரப்பர் வளையத்தில் அவனை உட்காரவைத்துவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடித்தோம். பத்து மணி போல கச்சான் எழும்பியது. தரையிலிருந்து வீசுகிற காற்று, முதுகுப் பக்கம் சுகமாகத்தான் இருந்தது. தங்கச்சி திரும்பிப் பார்க்கிறாள், வளையமும் பிள்ளையும் ஐம்பது யார் தூரம் தள்ளிப் போய்விட்டார்கள். பிள்ளை சிரித்துக் கை காட்டுகிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இயந்திரப் படகோடு நின்ற ஒரு தம்பி ஓடிப்போய் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்குக் கொடுத்த காசை வாங்க மறுத்துவிட்டார். அமைதியான கிழக்குக் கடலில் அலை உங்களைப் பயமுறுத்தாது. மிதக்கிற பொருளைக் காற்று அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். வளையம், காற்று மெத்தை எதுவானாலும் ஒரு கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். கயிறு. தயவுசெய்து மறக்காதீர்கள்.

அப்புறம், கிழக்கு என்றால் எல்லாக் கரையும் ஒன்றல்ல. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பாசிக்குடாவுக்குப் போங்கள், மட்டக்களப்பிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவில். வளைந்த குடா, முன்னால் முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறை, அலையை உடைத்துவிடுகிறது, நடக்க நடக்க ஆழம் மெதுவாகத்தான் கூடும். அதே பருவத்தில் பொத்துவில் அறுகம்பையில் நிலைமை வேறு. தூரத் தென்கடலிலிருந்து வருகிற நீண்ட அலை அங்கே முனையைச் சுற்றி வளைந்து வரும். அலைச்சறுக்குப் பலகைக்காரருக்குச் சொர்க்கம், நீந்தப் பழகும் பிள்ளைக்குப் பொருந்தாது.

விடியற்காலையில் எழும்புங்கள். கிழக்கில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும், கரைவலை இழுக்கிறவர்களும் அந்த நேரம்தான் நிற்பார்கள். அம்மப்பாவின் காலத்தில் அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். அந்த ஓசைக்கு ஏற்றபடி கால்கள் மணலில் ஒன்றாகப் பதியும். இப்போதும் வலையின் மடி கரைக்கு வரும்போது சூடையும் நெத்தலியும் வெள்ளியாகத் துள்ளும். கேட்டு, அனுமதியோடு ஒரு கை கொடுத்து இழுத்துப் பாருங்கள். துள்ளத் துள்ள வாங்கிய நெத்தலியைப் பொரித்துச் சாப்பிட்ட பிள்ளை அந்தக் கரையை மறக்காது.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். புறாத்தீவு பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நிலாவெளிக்கு எதிரே இருக்கிறது, 2003 முதல் தேசிய பூங்கா. ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள், முருகைக்கல்லில் மட்டும் காலை வைக்காதீர்கள், அது உயிருள்ளது. காரைநகர் கசூரினாவையும் விட்டுவிட்டேன். சவுக்கு நிழலும் ஆழமில்லாத கடலும், யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஒரு பின்நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று, அவசரமாகத்தான் சொல்கிறேன். எந்தக் கரையிலும் தண்ணீர் உங்களைக் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். களைத்துப்போவீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், அந்த இழுவை அகலம் குறைந்தது, வெளியே வந்ததும் கரைக்குத் திரும்பலாம். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள். இறங்குவதற்கு முன்னால் கரையில் நிற்கிற மீனவர் ஒருவரிடம், "அண்ணை, இன்றைக்குக் காற்று எப்படி, எந்த இடத்தில் குளிக்கலாம்?" என்று கேளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.