படகில் இருந்தவன் கேட்ட இரண்டு சத்தம்

அன்பர்களே,

ஒரு கடலோரக் கிராமத்தின் மேல் விமானம் குண்டு போடுகிறது, அது கரையோரக் கடலில் விழுகிறது. கரையில் நின்றவர் ஒரு குண்டு என்கிறார். கடலில் வலைபோட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு என்கிறார். மீனவர்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்யப் போகிற நீங்கள், பயத்தில் உளறுகிறார் என்று அவர் சொன்னதை அடித்துவிடாதீர்கள். குண்டு ஒன்றுதான், அவர் கேட்ட சத்தம் இரண்டு.

குண்டு தண்ணீரில் விழுந்தால் சத்தம் இரண்டு வழியாக வரும். கடல்நீரில் அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் சுமார் 345 மீட்டர்தான். முதலில் கட்டுமரத்தின் அடியில் ஒரு குத்து. பிறகுதான் காதில் வெடி. இரண்டுக்கும் நடுவே போன நொடிகளை 2.2-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்: 11 நொடி என்றால் 5 கிலோமீட்டர். நொடி யாருக்கும் நினைவிருக்காது. அதற்குள் எத்தனை துடுப்பு போட்டீர்கள் என்று கேளுங்கள், கை சொல்லும்.

"ஊரே தெரியல" என்றாலும் மிகையில்லை. கட்டுமரத்தில் உட்கார்ந்தவரின் கண், நீர்மட்டத்துக்கு மேல் முக்கால் மீட்டர்தான் இருக்கும். அவருக்குத் தொடுவானம் 3 கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் கரையின் கீழ் மூன்று மீட்டருக்கு மேல் மறைந்துவிடும். குடிசை போய்விடும், பனந்தலையும் புகையும் மட்டும் நிற்கும்.

விசைப்படகு, ஃபைபர் படகு என்றால் கதை வேறு. எஞ்சின் இரைச்சலில் விமானம் கேட்காது, அடியில் வரும் குத்தும் அதிர்விலேயே கரைந்துபோகும். ஈழத்துக் கரையில் இலங்கை விமானப்படையின் 'கிபிர்' ஜெட்டைப் பார்த்தவர்களிடம், எஞ்சினை எப்போது அணைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஜெட் 3 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் சத்தம் 9 நொடி பிந்தும். அதற்குள் அது இரண்டு கிலோமீட்டர் தாண்டிவிடும். சத்தம் வந்த பக்கம் அண்ணாந்தால் வெறும் வானம்தான் இருக்கும்.

தண்ணீரில் இறங்கி வலையைப் பிடித்திருந்தவரை மறக்கவே கூடாது. நீருக்குள் வெடித்தால் அந்த அழுத்தம் நுரையீரலையும் குடலையும் தாக்கும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கட்டுமரத்தின் மேல் ஏறிப் படுத்தவர் பிழைத்திருக்க, நீரில் மிதந்தவர் இறந்திருக்கலாம். காயமில்லாமல் செத்தார் என்று குடும்பம் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

மணி கேட்காதீர்கள். வலை இறக்கியாச்சா, இழுத்தாச்சா, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், வெள்ளம், அதாவது நீரோட்டம், எந்தத் திசை, வன்னியா தெண்டியா என்று கேளுங்கள். 1942 ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்தப் பருவத்தில் இந்தக் கரையில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வலை தெற்கே போனது என்று ஒருவர் சொன்னால், அது வேறொரு நாளாக இருக்கலாம்.

நம் சென்னைக் குப்பங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதும், 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் போட்ட குண்டும் பேரன்களின் வாயில் ஒரே கதையாகிவிடும். எம்டன் கப்பல்; அதன் பீரங்கி கடல் பக்கம் மின்னிய பிறகுதான் கரையில் எண்ணெய்த் தொட்டி எரிந்தது. விமானத்துக்குக் கடலில் மின்னல் இல்லை. ஆகவே தாத்தா சொன்ன கதையில் முதல் வெளிச்சம் எந்தப் பக்கம் வந்தது, கடலிலா கரையிலா என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.