பெரிய வீடும் பின்னுள்ள குடில்களும்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரை அடுத்த ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் உள்ள கிங்ஸ்லி பண்ணையைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். ஆற்றை நோக்கி நிற்கும் அதன் மர வீடு 1798 வாக்கில் கட்டப்பட்டது. அம்மாநிலத்தில் எஞ்சியுள்ள பண்ணை வீடுகளில் அதுவே மிகப் பழையது என்பதால், வருவோர் முதலில் அதையே பார்க்கின்றனர். ஆனால் பண்ணையின் வரலாற்றை அறிய வேண்டுமானால், அவ்வீட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி நடந்து, பிறை போல் வளைந்து நிற்கும் அடிமைக் குடில்களுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பேன்.

செஃபனையா கிங்ஸ்லி 1814இல் இத்தீவுக்கு வந்தார். அவருக்காகப் பருத்தியும் கரும்பும் விளைவித்த அடிமைகள் வாழ்ந்த குடில்கள் 32; அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நமக்குத் தெரிந்த தொழிலே. அங்கோ சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்புடன் மணலும் நீரும் சுடாத முழு ஓடுகளும் சேர்த்து, பலகை அச்சுகளில் அடுக்கடுக்காக வார்த்துச் சுவர் எழுப்பினார்கள். ‘டாபி’ எனப்படும் அச்சுவரை அருகே நின்று பார்த்தால், துருத்தி நிற்கும் ஓடுகளின் கூரிய விளிம்புகளையும் ஒவ்வொரு வார்ப்பும் முடிந்த இடத்தில் ஓடும் கிடைக்கோட்டையும் காணலாம். பெரும்பாலான குடில்களில் இரண்டே அறைகள்; ஒன்றில் அடுப்பு, மற்றொன்று படுக்க. சற்றுப் பெரியவை கங்காணிகளுக்கு உரியவை.

பெரிய வீட்டை ஒட்டிய அடுக்களைக் கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. செனகலில் பிறந்து, 1806இல் ஹவானாவில் பதின்மூன்று வயதில் கிங்ஸ்லியால் விலைக்கு வாங்கப்பட்டு, அவருக்கு மனைவியாகி, 1811இல் விடுதலை பெற்ற அன்னா, அதன் மாடியில் பிள்ளைகளுடன் வாழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரும் பின்னாளில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதை மறைத்துப் பேச என்னால் இயலாது.

1968இல் தொல்லியலாளர் சார்லஸ் ஃபேர்பேங்க்ஸ் குடில்களில் அகழாய்வு செய்தபோது மீன் எலும்புகளும் காட்டு விலங்குகளின் எலும்புகளும் ஈயக் குண்டுகளும் கிடைத்தன. அன்றன்று அளந்து கொடுத்த வேலையை முடித்தபின் எஞ்சிய பொழுது அடிமைகளுக்கு உரியது என்பது அப்பண்ணையின் வழக்கம். பகலெல்லாம் பிறருடைய பருத்திக்குக் களை வெட்டிய கைகள், இருட்டுவதற்குள் தம் பிள்ளைகளுக்காக அத்தீவின் நீரிலும் காட்டிலும் தேடிக் கொண்டுவந்த உணவின் மிச்சமே அந்த எலும்புகள்.