பம்பைத் தீவின் கொச்சுத் திருமேனி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் பத்தனந்திட்டை மாவட்டத்தில், பம்பை ஆறு சூழ்ந்து ஓடும் ஒரு தீவுக் கிராமம் பருமலை. தென்னையும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர். நவம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. வெகு தொலைவிலிருந்து நாள் கணக்கில் நடந்து, பிரார்த்தனைப் பாடல்களைப் பாடிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். முத்துக்குடைகளும் வெள்ளிச் சிலுவைகளும் ஊர்வலத்தில் அசைந்து வர, குந்திரிக்கப் புகை எங்கும் மணக்கும். அங்குள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் புனித பேதுரு, புனித பவுல் பெயரில் அமைந்தது. ஆனால் வருகிறவர்கள் தேடுவது உள்ளே இருக்கும் ஒரு கபரை. அந்தக் கல்லறையில் துயில்பவர் கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ். மக்களுக்கு அவர் பருமலைத் திருமேனி. ஆயர்களைக் கேரளத்தில் மரியாதையாக அழைக்கும் சொல் திருமேனி.

இந்த ஊருக்கு அவர் வரும் முன்பே ஒரு பெயர் இருந்தது. அச்சம் தரும் பெயர். இங்குள்ள பனையன்னார்காவு பகவதி கோயில் பழமையானது. கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் ஒரு யட்சியைத் துரத்தி வந்து இந்தக் காவில்தான் அடக்கினார் என்பது வாய்வழிக் கதை. அவள் நம் நாஞ்சில் நாட்டுக் கள்ளியங்காட்டு நீலியே என்று சொல்பவர்களும் உண்டு. காடும் பேய்க்கதையும் மண்டிய அந்த இடத்தில்தான் ஓர் இளம் ஆயர் வந்து குடியேறினார்.

அவர் பிறந்தது 1848 ஜூன் 15, முளந்துருத்தியில். இரண்டு வயதில் தாயை இழந்தார். மூத்த சகோதரி வளர்த்தார். பத்து வயது நிறையும் முன்பே திருத்தொண்டராகப் பட்டம் பெற்றார். சுறியானி மொழி கற்பித்த குருவும் உறவினருமான மல்பான் அம்மை கண்டு இறந்துபோனார். சிறுவனுக்கும் அம்மை வந்தது, பிழைத்துக்கொண்டான். பிறகு வெட்டிக்கல் தயறாவில், அதாவது துறவு மடத்தில், நோன்பும் செபமுமாக ஆண்டுகள் கழிந்தன. 1876-இல் அந்தியோக்கியாவின் மறைமுதல்வர் மூன்றாம் பேதுரு முளந்துருத்தியில் பேரவை கூட்டி, மலங்கரைச் சபையை ஏழு மறைமாவட்டங்களாகப் பிரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வடக்கன் பரவூரில் மெத்ராப்போலீத்தாவாக, அதாவது ஆயராக, உயர்த்தப்பட்டபோது நம்மவருக்கு வயது 28. புதிய ஆயர்களில் இளையவர் அவர்தான். கொச்சு என்றால் மலையாளத்தில் சிறிய என்று பொருள். கொச்சுத் திருமேனி என்ற செல்லப் பெயர் அப்படி வந்தது.

நிரணம் மறைமாவட்டம் அவர் பொறுப்பில் வந்தது, பருமலை இருப்பிடமானது. அழிப்புரை என்ற ஒரு சிறிய வீடு, அதில் ஆயரும், உடன் படிக்கும் சில சீடர்களும். அரண்மனை கிடையாது. விடியும் முன் எழுந்து, குறித்த வேளைகளில் செபம், இடையில் பாடம், பிறகு ஊர் ஊராகப் பயணம். பெரிய தேவாலயம் எழும்பியது 1895-இல்தான்.

அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அற்புதங்களைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வயலில் உழைத்த புலையர் மக்கள் அதன் பிறகும் பொதுச் சாலையில் நடக்க முடியாமல் இருந்தார்கள். அந்த மக்களின் தலைவர் அய்யன்காளி தடையை மீறி வில்வண்டியில் ஏறிச் சாலையில் சென்றது 1893-இல். சுறியானிக் கிறிஸ்தவர்களோ நிலமும் மதிப்பும் உள்ள சமூகம். தீண்டாமை அவர்களிடமும் வேரோடியிருந்தது. அந்தச் சமூகத்தின் ஆயர் பருமலைக்குப் பக்கத்துச் சென்னித்தலையிலும் வேறு ஊர்களிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேல் என்று சபை வரலாறு சொல்கிறது. வரப்பில் ஒதுங்கி நின்றவனின் நெற்றியில் தம் கையாலேயே தைலம் பூசி, அவனைச் சபையில் சேர்த்த ஆயர் அவர். அதனால் சாதி போய்விடவில்லை. சபைக்குள்ளும் அந்த மக்கள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டார்கள். அந்தக் குறை ஆயரைச் சேர்ந்தது அல்ல, அவருக்குப் பின்னால் வந்த சமூகத்தைச் சேர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம். குன்னங்குளம், முளந்துருத்தி, நிரணம், திருவல்லா, தும்பமண் ஆகிய ஊர்களில் அவர் பள்ளிக்கூடங்களுக்கு வழி செய்தார். ஆங்கிலக் கல்வி சாமானிய வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தவர் அவர்.

1895-இல் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்வந்தார். திரும்பியதும் அதை நூலாக எழுதி அதே ஆண்டு வெளியிட்டார். மலையாளத்தில் முதலில் அச்சேறிய பயண நூல் அதுதான். பாறேம்மாக்கல் தோமா கத்தனார் தம் ரோமாபுரிப் பயணத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தாலும், அது அச்சில் வந்தது 1936-இல். இலக்கிய ஆர்வம் உள்ள நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நோய் அவரை நெடுநாள் வாட்டியது. 1902 நவம்பர் 2-ஆம் தேதி, 54-ஆம் வயதில் காலமானார். அடுத்த நாள் பருமலையிலேயே அடக்கம் செய்தார்கள். அன்று முதல் கபரடிக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலை இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் தகையவில்லை: இப்படி வீட்டுக் கவலைகளைச் சுமந்து வந்து மண்டியிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் போனார்கள். இந்துக்களும் வந்தார்கள். யாரும் உத்தரவு போட்டு வரவில்லை. சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 1947 நவம்பர் 2-ஆம் தேதி, 45 ஆண்டுகள் கழித்து. அறிவித்த சபைத் தலைவர் கத்தோலிக்கோஸ் இரண்டாம் கீவர்கீஸ், ஒருகாலத்தில் அதே பருமலையில் அவரிடம் பயின்ற சீடர். மக்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு சீடர் சபையின் முத்திரையை வைத்தார்.

மலங்கரைச் சபை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபியர் என இரண்டாகப் பிரிந்து, தேவாலயங்கள் யாருக்கு என்று பல தலைமுறைகளாக வழக்காடி வருகிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் மனக்கசப்பு ஆறவில்லை. ஆனாலும் திருமேனியை இரு தரப்பும் வணங்குகின்றன. யாக்கோபியர் தலைவராக ஏற்கும் அந்தியோக்கியாவின் மறைமுதல்வர் முதலாம் சாக்கா 1987-இல் அவரது பெயரைத் தங்கள் வழிபாட்டில் நினைவுகூர அனுமதி அளித்தார். ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி, தாத்தா திதிக்கு மட்டும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்பதைப் போன்ற உறவு இது.

இப்போது அங்கே நீங்கள் காணப்போகும் பெரிய புதிய ஆலயம் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தது, 2000-இல் பிரதிஷ்டையானது. செங்கன்னூரிலோ திருவல்லாவிலோ ரயிலை விட்டு இறங்கினால் பஸ் கிடைக்கும். பெருநாள் நெரிசல் வேண்டாம் என்பவர்கள் வேறு மாதத்தில் போகலாம். கபரடியில் நிதானமாக நிற்க முடியும். நேரம் இருந்தால் அப்படியே சென்னித்தலை வரைக்கும் போய்வாருங்கள். அந்த ஞானஸ்நானம் நடந்த ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். நன்றி, வணக்கம்.