நரி மேல் பழி

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் வனத்துறை நண்பர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே (இந்தப் புழுக்கத்தில் இது இரண்டாவது, ஐயா), முன்வரிசையில் முறுக்குக் கடிக்கும் பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரை மணலில் முட்டையிடும் பறவைகளுக்கு எதிரி என்று நாம் பழி போடும் மூன்று பேரைப் பற்றிப் பேச வந்தேன்: நரி, காக்கை, நாய்.

முதலில் நரி. நெதர்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளுக்கு 1960களின் கடைசியில் செந்நரி திரும்பி வந்தது. தரையில் முட்டையிடும் கடற்காகங்களுக்கு அதோடு கெட்டகாலம். கூட்டம் கூட்டமாக மணல்மேட்டைக் காலி செய்துவிட்டு, நகரத்து மாடிக் கூரைகளில் போய்க் குடியேறின. கர்லூ என்றொரு பறவை, நீண்டு வளைந்த அலகு. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வருகிற அதே இனம். அதுவும் அந்த மேடுகளில் குறைந்தது. எல்லோரும் நரியைக் கைகாட்டினார்கள். ஆனால் அதே நாட்டின் வடக்கே, நரியே இல்லாத வாடன் கடல் தீவுகளிலும் கர்லூ குறைகிறதே, அங்கே யார் தின்றது? பண்ணை அமோனியாவும் வண்டிப் புகையும் மணலுக்கு உரமாகிப் புல் மண்டி, கர்லூவுக்கு வேண்டிய திறந்தவெளி சுருங்கிவிட்டது. அந்தப் புல்லைக் கடிக்க வேண்டிய முயல்களும் நோயில் செத்துப்போயின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று என் ஆத்தா சொல்லும்.

சரி, காக்கைக்கு வருகிறேன். இரண்டு வருஷம் முன்னால், சித்திரையில், என் மச்சானோடு கரையில் நடந்தேன். காலடியிலிருந்து ஓர் உப்புக்கொத்தி, மணலில் முட்டையிடும் சின்னக் கரைப்பறவை, எழுந்து ஓடியது. ஒரு சிறகு தொங்குகிறது, இழுத்து இழுத்துப் போகிறது. மச்சானுக்கு இளகிய மனசு. “ஐயோ, சிறகு ஒடிஞ்சிருக்கு மாமா, மாட்டு டாக்டர்கிட்ட காட்டுவோம்” என்று தோளில் கிடந்த துண்டை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இவர் குனிந்தால் அது பத்தடி தள்ளிப் போகும். மறுபடி குனிவார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. அரை பர்லாங் இப்படி இழுத்துப் போய்விட்டு, அந்தச் சிறகு ஒடிந்த நோயாளி ஜம்மென்று பறந்துவிட்டது!

சிரித்துக்கொண்டே திரும்பினேன். அடும்புக்கொடி ஓரம், கிளிஞ்சல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி. காடை முட்டை அளவில் ஒரு முட்டை, மணல் நிறம், கறுப்புக் கிறுக்கல். பக்கத்தில் உடைந்த ஓடு ஒன்று, மஞ்சள் கரு இன்னும் காயவில்லை. மேலே சவுக்கு மரத்தில் காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் தாயைத் துரத்தியதை அது உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

காக்கையைத் திட்டலாம். ஆனால் மொட்டை மணலில் அது உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தது யார்? 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் வரிசை வரிசையாகச் சவுக்கு நட்டோமே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நம் தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் முட்டையிடும் உப்புக்கொத்தியை 2023இல் தனி இனமாகப் பிரித்து, ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தாயிற்று, இடம்?

சவுக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, விறகு விற்கும் வீடுகளை எனக்குத் தெரியும். பின்னால் நடுங்கள். கடலைப் பார்த்த முதல் மேட்டை அடும்புக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் விட்டுவிடுங்கள் என்றுதான் மூன்று வருஷமாக மனு எழுதுகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாயை அடுத்த கூட்டத்தில் அவிழ்க்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிடுங்கள்.